ஜப்பானில் சொகுசு ஹோட்டல் தேர்ந்தெடுப்பது எப்படி? இரவு இரவாக ஒரு முழு வழிகாட்டி

ஜப்பான் போகிறோம், நல்ல ஹோட்டல் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எத்தனை இரவு, எந்த எந்த ஊரில் என்பதைத்தான். டோக்கியோவில் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சுற்றிக் களைத்து, ராத்திரி பத்தரைக்கு வந்து படுக்கிறவருக்கு ஒரு லட்சம் யென் அறையும் முப்பதாயிரம் யென் அறையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே ஒரு லட்சத்தை ஹகோனே மலையில் ஒரு நல்ல ரியோகானில், அதாவது ஜப்பானிய பாணி விடுதியில், கொடுத்தால் மாலை மூன்று மணிக்கு உள்ளே நுழைந்ததிலிருந்து மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பும் வரை குளியல், சாப்பாடு, தோட்டம், தூக்கம் எல்லாமே அந்தப் பணத்துக்குள் வந்துவிடும். ஆகவே பயணம் முழுக்க ஒரே தரத்தில் ஹோட்டல் போடாதீர்கள். எந்த இரவுக்குப் பணம் போட வேண்டும், எந்த இரவுக்கு வேண்டாம் என்று பிரிப்பதுதான் இதில் பாதி வேலை.

(சமீப ஆண்டுகளின் மதிப்பில் ஒரு லட்சம் யென் என்பது சுமார் ஐம்பத்தைந்து, அறுபது ஆயிரம் ரூபாய். கீழே எல்லாம் யென்னிலேயே சொல்கிறேன்.)

முதல் படி: இரவுகளைப் பிரியுங்கள்

ஒரு தாளில் இரவுகளை வரிசையாக எழுதுங்கள். பத்து இரவு என்றால் டோக்கியோ நான்கு, ஹகோனே இரண்டு, கியோட்டோ நான்கு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அன்று மாலை ஐந்து மணிக்கு நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று எழுதுங்கள். வெளியே என்றால் அந்த இரவுக்குச் சுத்தமான, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள சாதாரண ஹோட்டல் போதும். ஜப்பானில் அப்படிப்பட்ட ஹோட்டல்களே அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். உள்ளே என்றால் அங்கேதான் பணம் போக வேண்டும்.

இறங்குகிற முதல் இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்திலிருந்து போகிற பல விமானங்கள் ராத்திரி கிளம்பி மறுநாள் காலையில்தான் அங்கே இறக்கிவிடும். ஜப்பானில் செக்-இன் பெரும்பாலும் மூன்று மணிக்கு, அதைத் தளர்த்த மாட்டார்கள், தளர்த்தினாலும் காசு கேட்பார்கள். தூக்கக் கலக்கத்தோடு லாபியில் உட்கார்ந்திருந்து, அறை கிடைத்ததும் விழுந்து தூங்குவதற்கு நகரத்தின் மிக விலை உயர்ந்த அறை எதற்கு? பெரிய ஹோட்டலைப் பயணத்தின் கடைசி இரண்டு இரவுக்கு வையுங்கள். அப்போது ஊர் பழகியிருக்கும், பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்திருப்பீர்கள், அறையில் உட்கார மனசு வரும்.

அடுத்தது: ஹோட்டலா, ரியோகானா, விலையை எப்படிப் படிப்பது

ரியோகான் என்பது ஜப்பானிய விடுதி. தாதாமி பாய் விரித்த அறை, தரையில் ஃபுட்டான் மெத்தை, யுகாத்தா உடை, பொதுக் குளியலறை, ராத்திரிக்குப் பல தட்டுகளாக வரும் காய்செகி விருந்து, காலையில் இன்னொரு முழுச் சாப்பாடு. இதன் விலை பெரும்பாலும் இரண்டு வேளை உணவோடு சேர்த்து ஒரு ஆளுக்கு என்று போட்டிருப்பார்கள். ஹோட்டலில் ஒரு அறைக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். ரியோகான் 60,000 யென், ஹோட்டல் 90,000 யென் என்று பார்த்து ரியோகான் மலிவு என்று நினைப்பார்கள். இரண்டு பேருக்கு ரியோகான் 1,20,000 ஆகிவிடும், ஆனால் அதில் ராத்திரி விருந்து உண்டு. ஹோட்டலில் அதே தரத்தில் இரண்டு பேர் சாப்பிட்டால் தனியாக முப்பது, நாற்பது ஆயிரம் சுலபமாகப் போகும். ஆக இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டு பேர், இரண்டு வேளை உணவு, எல்லா வரியும் என்று ஒரே அளவுகோலில் கணக்குப் போட்ட பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

சேவைக் கட்டணம் 10 முதல் 15 சதவீதம், நுகர்வு வரி 10 சதவீதம். முன்பதிவுத் தளத்தில் முதலில் தெரியும் எண்ணில் இவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் இருப்பதால் டிப்ஸ் தர வேண்டியதில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள். வெந்நீர் ஊற்று உள்ள இடங்களில் ஆளுக்கு 150 யென் போலக் குளியல் வரி உண்டு, அது சின்னது.

சின்னதாக இல்லாதது கியோட்டோவின் தங்கும் வரி. 2026 மார்ச் முதல் அங்கே ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 50,000 முதல் 99,999 யென் வரை அறைக் கட்டணம் என்றால் 4,000 யென், ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் 10,000 யென். இது ஆளுக்கு என்பதைக் கவனியுங்கள். இரண்டு பேர் 1,20,000 யென் அறையில் தங்கினால் ஆளுக்கு 60,000 என்று கணக்காகி, ஒரு இரவுக்கு 8,000, மூன்று இரவுக்கு 24,000 யென் வரி. பல இடங்களில் இதை ஹோட்டலில்தான் கட்ட வேண்டியிருக்கும், முன்பதிவின் விலையில் தெரியாது. டோக்கியோவில் இதே வரி ஆளுக்கு 200 யென்னோடு நின்றுவிடுகிறது.

டோக்கியோ: பெயரைவிட ஸ்டேஷன்

டோக்கியோவில் ஹோட்டலின் பெயரை முடிவு செய்வதற்கு முன் வட்டாரத்தை முடிவு செய்யுங்கள். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கியோட்டோ பக்கம் போகிறவர்களுக்கு டோக்கியோ ஸ்டேஷனை ஒட்டிய மருனோஉச்சி, ஓத்தேமாச்சி வசதி. ராத்திரி கடைகளும் கூட்டமும் வேண்டும் என்றால் ஷின்ஜுகு. கடைவீதி, நல்ல உணவு என்றால் கின்சா.

ஓத்தேமாச்சியில் 2014-இல் திறந்த அமான் டோக்கியோ ஒரு கோபுரத்தின் மேல் ஆறு மாடிகளில் 84 அறைகளோடு இருக்கிறது. சிறிய அறையே 71 சதுர மீட்டர், அதாவது சுமார் 760 சதுர அடி, டோக்கியோவில் ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டின் அளவு. அதே ஓத்தேமாச்சியில் 2016-இல் வந்த ஹோஷினோயா டோக்கியோ, பதினேழு மாடிக் கட்டடத்தில் ஒரு ரியோகான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், லிஃப்டுக்குள்ளேயும் தாதாமி, உச்சி மாடியில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த வெந்நீர். ஹகோனே போக நேரமே இல்லாதவர்களுக்கு இதை நான் தாராளமாகச் சொல்வேன்.

பழமை பிடித்தவர்களுக்கு இம்பீரியல் ஹோட்டல், 1890-இல் தொடங்கியது. ஃப்ராங்க் லாய்ட் ரைட் கட்டிய அதன் இரண்டாவது கட்டடத்தின் திறப்பு விழா நாளான 1923 செப்டம்பர் 1 அன்றுதான் பெரும் கான்டோ நிலநடுக்கம் வந்தது, கட்டடம் தாங்கி நின்றது. அந்தக் கட்டடம் இப்போது அங்கே இல்லை. 1960-களின் இறுதியில் இடித்துவிட்டார்கள், முன்பகுதி மட்டும் நகோயா பக்கம் உள்ள மெய்ஜி முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஓக்குரா ஹோட்டலிலும் 1962-இன் பிரதான கட்டடம் போய் 2019-இல் புதியது வந்தது. ஆனால் அதன் புகழ்பெற்ற லாபியை, முதலில் வடிவமைத்த கட்டடக் கலைஞர் தனிகுச்சியின் மகனே விளக்குகளும் நாற்காலிகளும் மாறாமல் மறுபடி உருவாக்கிக் கொடுத்தார். அந்த லாபியில் ஒரு டீ குடித்துவிட்டாவது வாருங்கள், தங்க வேண்டும் என்றுகூட இல்லை. நிஜமாகவே பழைய சுவர்களுக்குள் தூங்க வேண்டும் என்றால் 1915-இல் திறந்து, 2012-இல் புதுப்பித்த டோக்கியோ ஸ்டேஷன் ஹோட்டல் இருக்கிறது. பெட்டியை உருட்டிக்கொண்டு ரயிலிலிருந்து நேரே அறைக்குப் போய்விடலாம்.

ஜன்னல் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனைத் தோட்டப் பக்கமும் நகரப் பக்கமும் வெவ்வேறு விலை. ஃபுஜி தெரியும் அறை என்று கூடுதலாகக் கேட்டால், நீங்கள் போகிற மாதத்தைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி காலைகளில் மலை தெளிவாகத் தெரியும், ஜூன் ஜூலையில் மேகத்துக்குப் பின்னால்தான் பெரும்பாலும் இருக்கும். கோடையில் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

கியோட்டோ: தூரத்தை அளந்து பாருங்கள்

கியோட்டோவில் பெரிய பெயர்கள் ஊருக்குள்ளும் இருக்கின்றன, ஊர் ஓரத்திலும் இருக்கின்றன. அமான் கியோட்டோ வடக்கே தகாகமினே காட்டை ஒட்டி, ஹோஷினோயா கியோட்டோ அராஷியாமாவில் படகில் ஏறிப் போக வேண்டிய ஆற்றங்கரையில். இரண்டும் அழகு. ஆனால் தினமும் காலையில் கோயில் பார்க்கக் கிளம்பி ராத்திரி ஊருக்குள் சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இவை சரிப்பட்டு வராது. அங்கே போனால் அங்கேயே இருக்க வேண்டும், ஒரு இரவோ இரண்டு இரவோ, வேறு திட்டம் எதுவும் இல்லாமல். நடந்து சுற்றுகிறவர்கள் காமோ ஆற்றங்கரையில் உள்ள ரிட்ஸ்-கார்ல்டன், நிஜோ கோட்டைக்கு எதிரே உள்ள மிட்சுய், ஹிகாஷியாமா சரிவில் உள்ள பார்க் ஹையாட் ஆகியவற்றில் தேடலாம். பார்க் ஹையாட் வட்டாரத்தில் காலை ஏழு மணிக்கு முன்னால் அங்குள்ள கல் படிகளில் நடந்து பாருங்கள். பத்து மணிக்கு மேல் அதே படிகளில் நகர முடியாது, அங்கே தங்குவதன் அருமையே அந்தக் காலை நேரம்தான்.

பழைய ரியோகான் என்றால் ஃபுயாச்சோ தெருவில் எதிரெதிராக இரண்டு இருக்கின்றன, முந்நூறு ஆண்டைத் தாண்டிய தவராயா, 1818-இல் தொடங்கிய ஹீராகியா. தவராயாவில் மொத்தமே 18 அறைகள்தான். இங்கெல்லாம் ஜிம், பெரிய லாபி என்று எதையும் எதிர்பார்க்கக் கூடாது. சின்னத் தோட்டம், அறைக்கு ஏற்ற ஓவியம், அந்தப் பருவத்தின் பூ, நீங்கள் திரும்பி வரும் நேரத்துக்குத் தயாராக நிரம்பியிருக்கும் மரத்தொட்டி. இதற்கா இவ்வளவு பணம் என்று உங்களுடன் வருகிறவர் கேட்பார் என்று தோன்றினால் போக வேண்டாம், அது அந்த அறையின் குற்றமும் இல்லை, அவருடைய குற்றமும் இல்லை.

வெந்நீர் ஊற்று ரியோகான்: பணத்தை இங்கே போடுங்கள்

டோக்கியோவிலிருந்து சுலபம் ஹகோனே. ஷின்ஜுகுவில் ரோமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே-யுமோட்டோ. அங்கே அரச குடும்பத்தின் கோடை மாளிகையாக இருந்த இடத்தில் கோரா கதான் இருக்கிறது. கட்டில் வேண்டும், ஆனால் பழமையும் வேண்டும் என்றால் மியானோஷிதாவில் 1878-இல் தொடங்கிய ஃபுஜியா ஹோட்டல், ஜப்பானின் மிகப் பழைய மேற்கத்திய பாணி ஹோட்டல்களில் ஒன்று. இசுவில் ஷுசென்ஜி ஊரில் உள்ள அசபா 1489-இலிருந்து வரும் ரியோகான், குளத்தை ஒட்டி ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய நாடகத்துக்கான மேடையே உண்டு. தெற்கே கியூஷு தீவுப் பக்கம் போகிறவர்களுக்கு யுஃபுயினில் தமனோயு, கமேனோய் பெஸ்ஸோ.

இடத்தைத் தேர்ந்த பிறகு குளியலைப் பார்க்க வேண்டும், இதில் அவசரப்படாதீர்கள். ஆன்சென் (வெந்நீர் ஊற்று) என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சட்டப்படி 25 டிகிரிக்கு மேல் வரும் நிலத்தடி நீரோ, குறிப்பிட்ட தாதுக்கள் உள்ள நீரோ ஆன்சென் ஆகிவிடும், அதை வடிகட்டிச் சுழற்றி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். ஊற்றிலிருந்து வரும் நீர் தொட்டியில் நிரம்பி வழிந்து போய்க்கொண்டே இருந்தால் அதற்கு கென்சென் ககேநகாஷி என்று பெயர். விடுதியின் இணையப் பக்கத்தில் இந்த வார்த்தையைத் தேடுங்கள், இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

பொதுக் குளியலில் ஆண்களும் பெண்களும் தனித்தனி, உள்ளே உடை எதுவும் கூடாது, நீச்சலுடையும் கூடாது. நம்மில் பலருக்கு, முக்கியமாக அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு, இது பெரிய தயக்கம். அதற்காக ரியோகானையே விட்டுவிட வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அறைக்குள்ளேயே திறந்தவெளித் தொட்டி உள்ள அறை, விலை கூடுதல், ஆனால் கணவன் மனைவி போகும்போது அந்தக் கூடுதலுக்குத் தகும். இன்னொன்று கஷிகிரி, ஒரு குடும்பத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று தனியாகத் தரும் குளியலறை. சில விடுதிகளில் இலவசம், சிலவற்றில் சில ஆயிரம் யென். என் அம்மா பொதுக் குளியலுக்கு வரவே மாட்டேன் என்றவர், தனிக் குளியலில் விட்டதும் அன்று மாலை ஒரு தடவை, மறுநாள் விடியலில் ஒரு தடவை போனார். உடம்பில் பச்சை குத்தியிருப்பவர்களைப் பல பொதுக் குளியல்களில் விடமாட்டார்கள், அவர்களுக்கும் இதுதான் வழி. கந்தக ஊற்று என்றால் வெள்ளிக் கொலுசு, மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள், கறுத்துவிடும்.

சாப்பாடு: சைவர்கள் இதைப் பதிவுக்கு முன்பே முடிக்க வேண்டும்

ரியோகான் விருந்து பெரும்பாலும் மீனும் கடல் உணவும்தான். அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, பருவத்துக்கு என்ன வருகிறதோ அதைச் சாப்பிடுங்கள், அதுதான் அந்த இடத்தின் சிறப்பு. சைவர்களுக்குச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும் மீனில் இல்லை, தஷியில் இருக்கிறது. கொம்பு கடற்பாசியோடு காய்ந்த மீன் சீவலான கட்சுவோபுஷியையும் சேர்த்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், வேகவைத்த காய், டோஃபுவின் மேல் ஊற்றும் சாறு, சோபா நூடுல்ஸின் குழம்பு, எல்லாவற்றிலும் இருக்கும். நாங்கள் ஒரு விடுதிக்கு ‘இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்’ என்று மட்டும் எழுதிப் போனோம். அவர்கள் அன்போடு காய்கறியாகவே பத்துத் தட்டு வைத்தார்கள், அதில் பாதிக்கு மேல் தஷியில் வெந்தது. சொல்லாதது எங்கள் தவறு. வேறு எதுவும் செய்து தர அந்த நேரத்தில் அவர்களால் முடியவில்லை, அம்மா சோறும் ஊறுகாயும் சாப்பிட்டுப் படுத்தார்.

எனவே பணம் கட்டுவதற்கு முன்பே தனியாகக் கேளுங்கள்: மீன் தஷியும் இல்லாமல், கொம்பு அல்லது காளான் தஷியில் மட்டும் சமைத்துத் தர முடியுமா? ஜப்பானியத்தில் ‘கட்சுவோ தஷி மோ தாபெராரெமாசென்’ என்று ஒரு வரி சேர்த்தால் சமையலறைக்குத் தெளிவாகப் போய்ச் சேரும். முடியாது என்று பதில் வந்தால் அது மரியாதையான பதில், வேறு விடுதி பாருங்கள், அல்லது உணவு இல்லாமல் தங்கும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். ‘முயற்சி செய்கிறோம்’ என்று வந்தால் இன்னொரு முறை விளக்கமாக எழுதுங்கள். முழுச் சைவம் நிச்சயமாக வேண்டும் என்றால் கோயாசான் மலையில் ஐம்பது கோயில்கள் போலத் தங்க இடம் தருகின்றன, அங்கே ஷோஜின் ரியோரி என்ற துறவிகளின் உணவு. மீன் கிடையாது, வெங்காயம் பூண்டு கூடக் கிடையாது. ஹோட்டல் அளவுக்கு வசதி இருக்காது, சிலவற்றில் குளியலறை பொது, குளிர்காலத்தில் நடைபாதை நடுக்கும். ஆனாலும் அந்த எள் டோஃபுவுக்காக நான் திரும்பப் போவேன். டோக்கியோவில் தென்னிந்திய உணவகங்கள் இருக்கின்றன, நகரத்தில் இந்தக் கவலை பாதி குறையும்.

முழங்கால், கட்டில், குழந்தை

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் தாதாமி அறையில் கட்டில் போட்ட கலப்பு அறையை, வயோஷிட்சு என்பார்கள், அதைக் கேளுங்கள். தரையிலிருந்து எழுவது தூங்கும்போது மட்டுமா, சாப்பிடும்போதும் உண்டு. இரண்டு மணி நேர விருந்தில் தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மேசை நாற்காலி போடச் சொன்னால் பெரும்பாலான இடங்களில் போட்டுத் தருவார்கள். படிக்கட்டு பற்றியும் கேளுங்கள், பழைய மரக் கட்டடங்களில் லிஃப்ட் இருக்காது.

ரியோகான் அறையின் அளவைப் பாய்க் கணக்கில் சொல்வார்கள். ஒரு பாய், அதாவது ஒரு ஜோ, சுமார் 1.6 சதுர மீட்டர். பத்து ஜோ இருவருக்குத் தாராளம். சில உயர்தர ரியோகான்களில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள், வயது வரம்பைப் பார்த்துவிட்டே பதிவு செய்யுங்கள். ஹோட்டலிலும் ஆள் எண்ணிக்கையைச் சரியாகக் கொடுக்க வேண்டும். இருவர் என்று போட்டுவிட்டு மூன்றாவது ஆளை உள்ளே கூட்டிப்போகும் பழக்கம் அங்கே செல்லாது.

எப்போது, எங்கே பதிவு செய்வது

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரிப் பூக்கள், நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரை கியோட்டோவின் சிவந்த இலைகள், ஏப்ரல் இறுதி - மே தொடக்கம் கோல்டன் வீக் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன், அப்புறம் புத்தாண்டு. இந்த நாட்களில் அதே அறை இரு மடங்கு ஆகும், நல்லவை பல மாதம் முன்பே போய்விடும். பணத்துக்கு அதிகம் கிடைப்பது ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி வரை. குளிரில்தான் வெந்நீர் ஊற்று சுகமாக இருக்கும், அதனால் இது எனக்குப் பிடித்த மாதமும்கூட. நிசெகோ போன்ற பனிச்சறுக்கு ஊர்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே அதுதான் உச்சம். வாரத்தில் சனிக்கிழமை இரவு விலை அதிகம், ரியோகானை ஞாயிறு முதல் வியாழனுக்குள் வையுங்கள்.

ஹோட்டலின் சொந்தத் தளம், பெரிய பன்னாட்டுத் தளங்கள், ஜப்பானின் ரகுதென் டிராவல், இக்யூ, மூன்றிலும் ஒரே தேதிக்குப் பார்க்கலாம். விலை ஒன்றாக இருந்தால் நேரடியாகவே பதிவு செய்யுங்கள், உணவு பற்றி எழுதுவதற்கு அதுதான் வசதி. உயர்தரக் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் காலை உணவு, தாமதச் செக்-அவுட் போன்றவை கிடைக்கிறதா என்று பாருங்கள், பெரிய ஹோட்டல்களில் இருவருக்குக் காலை உணவே பத்தாயிரம் யென்னைத் தாண்டும். எந்த ஹோட்டல் என்றே தெரியாமல் தொடங்குகிறவர்களுக்கு, 2024-இலிருந்து உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷெலின் வழிகாட்டி ஜப்பானிய ஹோட்டல்களுக்கும் ரியோகான்களுக்கும் ஒன்று முதல் மூன்று சாவி கொடுத்து வருகிறது, அந்தப் பட்டியல் நல்ல தொடக்கம். முடிவை அதை வைத்து எடுக்காதீர்கள்.

ரத்து விதியைக் கடைசி வரி வரை படியுங்கள். ரியோகான்காரர்கள் உங்கள் பெயருக்கு மீனும் காயும் முன்கூட்டியே வாங்குகிறார்கள். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே பணம் பிடிக்கத் தொடங்குவார்கள், அன்றைக்கு வராமல் போனால் முழுத் தொகையும் போகும். விசா கையில் வருவதற்கு முன்னால் திரும்பக் கிடைக்காத விலையில் எதையும் கட்ட வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு மின்னஞ்சல்

பத்து நாளுக்கு முன்னால் ரியோகானுக்கு எழுதுங்கள். எந்த ரயிலில், எத்தனை மணிக்கு வருவீர்கள், உணவு விவரம் மறுபடி ஒரு முறை, மேசை நாற்காலி தேவையா, ஸ்டேஷனிலிருந்து வண்டி அனுப்புவார்களா. ராத்திரி விருந்து ஆறு அல்லது ஆறரைக்குத் தொடங்கிவிடும், எட்டு மணிக்குப் போய் நின்றால் சமையலறை மூடியிருக்கும். மூன்று மணிக்கே போய்விடப் பாருங்கள், குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்வதுதான் அங்கே முறை.

பெரிய பெட்டிகளை ரியோகானுக்குத் தூக்கிப் போகாதீர்கள். முந்தின நாள் காலையில் டோக்கியோ ஹோட்டலின் வரவேற்பில் கொடுத்தால் தக்யூபின் என்ற பெட்டி அனுப்பும் சேவையில் பெரும்பாலும் மறுநாளே கியோட்டோ ஹோட்டலுக்குப் போய்ச் சேரும், உங்களுக்கு முன்பே அது அங்கே காத்திருக்கும். அனுப்புவதற்கு முன் அடுத்த ஹோட்டலின் பெயர், முகவரி, பதிவு செய்த பெயர், செக்-இன் தேதி ஆகியவற்றைச் சீட்டில் சரியாக எழுதியிருக்கிறதா என்று வரவேற்பில் ஒரு முறை காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ரியோகான் இரவுகளுக்கு வேண்டிய துணி, மருந்து, பாஸ்போர்ட் ஆகியவற்றைச் சின்னப் பையில் வைத்துக்கொண்டால் போதும், உடுத்த யுகாத்தா அவர்களே தருவார்கள்.